அன்னபாக்கியம் சொன்ன ‘ஓம்’

அன்னபாக்கியம் நவரத்தினம், 1961–2023.

அவர் பிறந்தது கிளிநொச்சி மாவட்டத்து வட்டக்கச்சியில். இறந்தது ஒக்லாந்து நகரத்து மருத்துவமனை ஒன்றில். கணவர் நவரத்தினம் உழவு இயந்திரச் சாரதி. 1999இல் எறிகணை பட்டு இறந்தார். பிள்ளைகள் இருவர்: 1992இல் பிறந்த தனோஜன், 1996இல் பிறந்த கஜானி. சைவக் குடும்பத்தில் பிறந்த அன்னபாக்கியம், தம் ஐம்பத்தோராம் வயதில், மெனோனைட் என்னும் சிறிய கிறிஸ்தவ சபையில் ஞானஸ்நானம் பெற்றார். அந்தச் சபையார் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. விவரம் அறிந்து தாமாகக் கேட்டு வருவோருக்கே கொடுப்பார்கள். ஆயுதம் எடுக்கமாட்டார்கள். எதன்மேலும் சத்தியம் செய்யமாட்டார்கள். ஒருவர் காலை மற்றவர் கழுவுவது அவர்களுடைய வழிபாட்டில் ஒரு பகுதி.

இப்படி ஒரு சபையை அவர் தேடிப் போகவில்லை. போர்தான் அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது.

2009ஆம் ஆண்டு பெப்ரவரியில், வன்னிப் போர் முடிவை நெருங்கிக்கொண்டிருந்தபோது, தனோஜனை ஆயுதம் தாங்கிய இயக்கத்தார் பிடித்துச் சென்றார்கள். அவனுக்கு வயது பதினாறு. பத்தொன்பது நாட்கள் அவர்களிடம் இருந்தான். இருபதாம் நாள், காவலுக்கு நின்றவன் கண்ணயர்ந்த வேளையில் நழுவிக் காட்டு வழியாக நடந்து தாயிடம் வந்து சேர்ந்தான். அந்தப் பத்தொன்பது நாட்களைத் தாயும் தங்கையும், ஒக்லாந்தில் இருந்த தாய்மாமன் கதிர்காமநாதனும் மட்டுமே அறிவார்கள். போர் முடிந்தபின் அகதி முகாமில் விசாரித்த இராணுவத்தினருக்கும் அது தெரியவராமலே போயிற்று.

2011இல் அன்னபாக்கியம் மகளோடு மலேசியாவுக்குப் போனார். மகனை அடுத்த மாதம் அனுப்பிவைப்பதாகச் சொன்ன முகவர் அடுத்த மாதம் தம் தொலைபேசியை அணைத்துவிட்டார். தனோஜன் வவுனியாவில், தகப்பனின் தமக்கை வீட்டிலேயே தங்கிவிட்டான்.

கோலாலம்பூரில் அகதிப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்திய ஜாவாக்காரத் தம்பதியர் மெனோனைட் சபையினர். கஜானியை வகுப்புக்குக் கொண்டுபோய் விட்ட அன்னபாக்கியம் வாசலில் உட்கார்ந்து காத்திருப்பார். ஒரு நாள், அங்கே சமையலுக்கு உதவிய மலேசியத் தமிழ்ப் பெண்ணிடம் இவர்கள் என்ன சாதிக் கிறிஸ்தவர்கள் என்று விசாரித்தார். துப்பாக்கி தொடாதவர்கள் என்று அவள் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

“ஆராவது வந்து அடிச்சா?”

அவள் ஜாவாக்கார ஆசிரியரிடம் கேட்டுச் சொன்னாள். “வாங்கிக்குவாங்களாம்.”

“பிள்ளையைப் பிடிச்சுக்கொண்டு போனா? அதையும் வாங்கிக்கொண்டு இருப்பினமோ?”

இந்தக் கேள்விக்கு அந்த ஜாவாக்காரர் உடனே மறுமொழி சொல்லவில்லை. கையிலிருந்த கரும்பலகைத் துடைப்பானைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார்.

“அழுவாங்களாம். தேடிப் போய்க் கேப்பாங்களாம். ஆனா சுட மாட்டாங்களாம்லா.”

அந்த மறுமொழியைவிட அதற்கு முன்னிருந்த மௌனமே தம்மை நம்பவைத்தது என்று அன்னபாக்கியம் பிற்காலத்தில் கூறுவார். அழுததும் தேடிப் போய்க் கேட்டதும் அவர் ஏற்கெனவே செய்தவைதாம். மறு ஆண்டு, அந்த வீட்டுப் பின்முற்றத்தில் நீல நிறப் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி ஒன்றில் அவர் மூழ்கி எழுந்தார். மூன்று வாக்குறுதிகள் கேட்டார்கள். மூன்றுக்கும் ‘ஓம்’ என்றார். இனி உன் ஓம் ஓமாகவும் உன் இல்லை இல்லையாகவும் இருக்கட்டும், அதற்கு மேல் ஒரு சத்தியமும் உனக்கு வேண்டாம் என்று அவர்கள் சொன்னதை அவர் மனத்தில் வாங்கிக்கொண்டார். வாங்கியதைப் பின்னர் இறக்கிவைக்கவே இல்லை.

2016இல் தாயும் மகளும் ஒக்லாந்துக்கு வந்து மவுண்ட் ரோஸ்கிலில் இரண்டறை வீடொன்றை வாடகைக்கு எடுத்தார்கள். கஜானி பல் மருத்துவர் ஒருவரின் வரவேற்பறையில் வேலைக்குச் சேர்ந்தாள். அன்னபாக்கியம் நியூ லின்னில் முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பாளரானார். அவருடைய சபை இந்த நகரத்தில் எங்கே கூடுகிறது என்று தேடிப்பார்த்தார், கண்டுபிடிக்க முடியவில்லை. ஆகவே வீட்டுக்கு அண்மையிலிருந்த வேறொரு தேவாலயத்தின் கடைசி வரிசையில் ஞாயிறுதோறும் உட்கார்ந்தார். ஏப்ரலில், போர்வீரர்களை நினைவுகூரும் ஞாயிறன்று, கொடிகளை ஏந்தி உள்ளே வரும்போது மட்டும் எழுந்து வெளியே போய்க் கார்த் தரிப்பிடத்தில் நிற்பார். ஏன் என்று கேட்ட கஜானிக்கு, “செத்தவைக்கு அழலாம், அது வேற. கொடிக்கு எழும்பி நிக்கிறது வேற,” என்றார்.

மகனை அழைத்துக்கொள்ளும் விண்ணப்பத்தை 2018இல் கொடுத்தார்கள். மறு ஆண்டு ஓகஸ்டில் அன்னபாக்கியத்தை நேர்காணலுக்கு அழைத்தார்கள். அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, ஹென்டர்சனிலுள்ள தம்பி கதிர்காமநாதன் வீட்டில் மதியச் சாப்பாடு. கதிர்காமநாதன் இருபத்தைந்து ஆண்டுகளாக இந்நாட்டில் இருப்பவர். படிவங்களின் போக்கு அறிந்தவர்.

“அக்கா, கேள்வி ஒண்டே ஒண்டுதான். ஆயுதக் குழுவில மகன் இருந்தவரோ எண்டு கேப்பினம். ‘இல்லை’ எண்டு சொல்லுங்கோ. மூண்டெழுத்து.”

“ஓம் ரெண்டெழுத்துத்தானே தம்பி. அது இன்னும் சுகம்.”

“பகிடி விடாதையுங்கோ. பத்தொன்பது நாள். ஒரு காய்ச்சல் வந்து மாறுற நேரம். ஆருக்கும் தெரியாது.”

“எனக்குத் தெரியும்.”

“உங்கட ஆண்டவரோ விசா குத்தித் தாறவர்?”

“அவர் குத்தித் தரமாட்டார். ஆனா கேட்டுக்கொண்டு இருப்பார்.”

கஜானி சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து கையை எடுத்தாள். “அம்மா, அண்ணாவுக்காக ஒரு பொய்கூடச் சொல்லமாட்டியளோ?”

“அவனைப் பிடிச்சவை பிழை. போனவனில பிழை இல்லை. பிழை இல்லாததை ஏன் பிள்ளை ஒளிக்கவேணும்?”

அவருக்கு அது நேர்க்கணக்காகவே தோன்றியது. பதினாறு வயதுப் பிள்ளையைப் பலவந்தமாகக் கொண்டுபோனார்கள். பிள்ளை தப்பி வந்தான். இதைக் கேட்கிறவர் மனிதராயிருந்தால் இரங்குவார்.

2019 ஓகஸ்ட் 14, புதன்கிழமை. சிறிய அறை, மேசைக்கு அப்பால் அதிகாரி, இப்பால் அன்னபாக்கியம், பக்கவாட்டில் மொழிபெயர்ப்பாளர் கண்மணி. கண்மணி கரூரைச் சேர்ந்தவள், வயது முப்பத்துநான்கு, கணவரின் கணினி வேலையோடு ஒக்லாந்துக்கு வந்தவள், சான்றிதழ் பெற்று இந்தப் பணியில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். சத்தியம் செய்ய வேதப்புத்தகத்தை நீட்டியபோது அன்னபாக்கியம் மறுத்தார். அதிகாரி கோபிக்கவில்லை, சத்தியமின்றி உறுதி கூறினாலும் போதும் என்றார். அன்னபாக்கியத்துக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

கேள்வி வந்தது. அன்னபாக்கியம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். பிடித்துப்போனதைச் சொன்னார். கஞ்சி கொடுத்ததையும் பதுங்குகுழி வெட்டவைத்ததையும் சொன்னார். பிறகு தப்பியதைச் சொன்னார்:

“சென்றியில ஒரு பெடியன் நிண்டவன். அவன் கண் அசந்த நேரம் பாத்து இவன் போட்டான்.”

கண்மணியின் பேனா நின்றது.

“போட்டானா? உங்க பையனாம்மா?”

“ஓம் பிள்ளை. என்ர பெடியன்தான். ஆண்டவர்தான் துணை நிண்டவர்.”

யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் ‘போட்டான்’ என்றால் போய்விட்டான் என்பதே பொருள். ‘போய்விட்டான்’ என்பது வாயில் தேய்ந்து தேய்ந்து அப்படி ஆயிற்று. வீட்டை விட்டுப் புறப்படும் எவரும் ‘போட்டு வாறன்’ என்றுதான் சொல்லிப் புறப்படுவார். கரூரில் அந்தச் சொல்லுக்கு அப்பொருள் இல்லை. அங்கே, காவலுக்கு நிற்பவன் கண்ணயர்ந்த நேரம் பார்த்து ஒருவன் ‘போட்டான்’ என்றால், ஆளைத் தீர்த்துவிட்டான் என்பதே பொருள். கண்மணி அதையே ஆங்கிலத்தில் சொன்னாள். அவள் குரல் சற்று நடுங்கியதை அன்னபாக்கியம் கவனித்தார். பிள்ளை இரங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

முடிவில் ஆங்கிலப் பதிவைக் கண்மணி சுருக்கிச் சொன்னாள். அந்த இடத்தை அவள் மெதுவாக, கிட்டத்தட்ட வாய்க்குள்ளேயே சொல்லிக் கடந்தாள். எல்லாம் சரிதானா என்று அதிகாரி கேட்டார். அன்னபாக்கியம் களைத்திருந்தார். அவர்கள் முகம் நல்ல முகமாயிருந்தது.

“ஓம்,” என்றார். கையெழுத்தும் இட்டார்.

மறுப்புக் கடிதம் 2020 பெப்ரவரியில் வந்தது. கஜானி அதை நின்றபடியே வாசித்தாள். ஒரு பந்தியை இரண்டாம் முறை வாசித்தாள். பிறகு கதிரையில் உட்கார்ந்தாள்.

“அம்மா, அண்ணா ஒருத்தனைக் கொலை செய்தவன் எண்டு சொன்னனியளோ?”

“என்ன விசர்க்கதை கதைக்கிறாய்?”

“இதில கிடக்கு. நித்திரை கொண்ட காவல்காரனைக் கொண்டிட்டுத் தப்பினவனாம். தாய் தானே சொன்னவவாம். ரெண்டு தரம் கேட்டு ஓம் எண்டவவாம். அதுக்குக் கீழ உங்கட கையெழுத்து.”

எந்தச் சொல் எப்படிப் புரண்டது என்று தாய்க்கும் மகளுக்கும் அப்போது விளங்கவில்லை. கஜானி அழுதாள். ஒரு ‘இல்லை’ சொல்லியிருந்தால் அண்ணா இந்நேரம் இந்த வீட்டில் இருந்திருப்பான் என்றாள். தனோஜனுக்குச் செய்தி எட்டியபோது அவன் அழவில்லை.

“நான் ஆளைக் கொண்டனான் எண்டு அரசாங்கத்துக்கு எழுதிக் குடுத்திட்டியள். அந்தக் கடதாசி கொழும்புக்கு வந்தா என்னை என்ன செய்வினம் எண்டு தெரியுமோ அம்மா?”

“நான் அப்பிடிச் சொல்லேல்லை, ராசா.”

“ஓம் எண்டனியளோ இல்லையோ?”

தனோஜன் வேலையை விட்டு மன்னாருக்கு இடம் மாறினான். தொலைபேசி இலக்கத்தையும் மாற்றினான். இரண்டு ஆண்டுகள் தாயோடு கதைக்கவில்லை. வவுனியா மாமி வழியாக அவன் உயிரோடு இருக்கும் செய்தி மட்டும் வந்தது.

மகன் பேசாததற்கும் மேலாக ஒன்று அவரை அரித்தது. சத்தியம் செய்யமாட்டேன் என்று தலை நிமிர்த்திச் சொன்னவர், விளங்காத ஒன்றுக்கு ‘ஓம்’ சொல்லியிருந்தார். சத்தியத்தை விலக்கியது அந்தச் சொல்லின் நிறையைக் காப்பதற்காகவே. அதையே அவர், களைத்த நேரத்தில், நல்ல முகங்களுக்காக, விட்டெறிந்துவிட்டார். தம்பி சொல்லச் சொன்ன பொய்யைத் தவிர்த்து அதைவிடப் பெரிய பொய்க்குக் கையெழுத்திட்டதாகவே அவர் கருதினார்.

அன்றிலிருந்து எவர் எதைக் கேட்டாலும் அவர் உடனே ‘ஓம்’ சொல்வதில்லை. பல்பொருள் அங்காடியில் காசாளப் பெண் சம்பிரதாயத்துக்கு நலம் விசாரித்தாலும் நின்று யோசிப்பார். பின்னால் வரிசை நீளும். முதியோர் இல்லத்தில் அவருக்குப் ‘பொறுங்கோ’ என்றே பட்டப்பெயர் விழுந்தது. அந்தத் தமிழ்ச் சொல்லை வெள்ளைக்கார மேலாளரும் கற்றுக்கொண்டார். இப்படியே இரண்டாண்டு கழிந்தது.

2022 பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை முற்பகல் கண்மணி வீட்டுக்கு வந்தாள். கதவைத் திறந்த கஜானிக்கு ஆள் யாரென்று தெரியவில்லை. அன்னபாக்கியம் அடையாளம் கண்டுகொண்டார்.

கண்மணி உட்காராமலே சொன்னாள். முந்திய வாரம் இலங்கைக் கடையொன்றில் கொத்தமல்லிக் கட்டோடு காசு கொடுக்க நின்றிருக்கிறாள். யாரோ முதலாளி எங்கே என்று கேட்க, காசு வாங்கிய அம்மாள், “அவர் அப்பவே போட்டார்,” என்றிருக்கிறார். யாரைப் போட்டார் என்று கண்மணி திடுக்கிட்டுக் கேட்டாளாம். கடையே சிரித்ததாம்.

“எனக்கு மட்டும் சிரிப்பு வரல. அங்கயே உக்காந்துட்டேன். நீங்க சொன்னது அப்படியே காதுல கேட்டுச்சு. தப்பு என்னுதும்மா. சந்தேகமா இருந்துச்சு. இன்னொரு தரம், வேற வார்த்தையில கேட்டிருக்கணும். கேக்கல. எழுதித் தர்றேன். வேலை போனாலும் பரவாயில்ல.”

“இப்ப வந்து சொல்லுறியள்,” என்றாள் கஜானி. “ரெண்டு வருஷம். என்ர அண்ணா அம்மாவோட கதைக்கிறேல்லை. தெரியுமோ உங்களுக்கு?”

“கஜானி, பொறு,” என்றார் அன்னபாக்கியம். எழுந்து குளியலறைக்குப் போனார். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பிளாஸ்டிக் பேசின் ஒன்றில் இளஞ்சூட்டுத் தண்ணீரும் தோளில் துவாயுமாகத் திரும்பி வந்து, கண்மணியின் முன் தரையில் முழங்கால் மடித்து உட்கார்ந்தார்.

“இரு பிள்ளை. காலைத் தா.”

கண்மணி பதறிப் பின்வாங்கினாள். “ஐயோ, வேணாம்மா. நீங்க பெரியவங்க. நீங்க போய் என் காலைத் தொடுறதா? நான்தான் உங்க கால்ல விழணும்.”

“நீ விழுந்தா எனக்கு முதுகு நிமிரும். அது எனக்குக் கூடாது. இரு.”

அவள் உட்கார்ந்தாள். அன்னபாக்கியம் அவளுடைய இரண்டு கால்களையும் கழுவினார். முதியோர் இல்லத்தில் நாள்தோறும் செய்யும் வேலைதான்; கை தானாகவே குதிக்காலையும் விரலிடுக்குகளையும் தேடிப் போயிற்று. இங்கே வந்த நாள் தொடக்கம் இதைச் சபை முறைப்படி செய்ய அவருக்கு ஒருவர்கூடக் கிடைத்திருக்கவில்லை. கண்மணி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். கஜானி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

துவாயால் துடைத்து முடிந்ததும் அன்னபாக்கியம் சொன்னார்: “நீ பிழையாய் விளங்கினாய். நான் விளங்காமல் ஓம் எண்டனான். ரெண்டு பேரும் சேர்ந்துதான் அவனை இந்தப் பாடு படுத்தினது. இனி ரெண்டு பேருமாய்த்தான் திருத்தவேணும்.”

கண்மணி எழுதிக் கொடுத்தாள். சட்டத்தரணி ஒருவர் வழக்கை மறுபடி திறக்க முயன்றார். மன்னாருக்குச் செய்தி போயிற்று. சில மாதங்களுக்குப் பிறகு தனோஜன் புதிய இலக்கத்தைத் தாய்க்குத் தந்தான். மாதம் ஒருமுறை கதைத்தான். கதை இரண்டு நிமிடத்தைத் தாண்டாது. அந்த ஆண்டின் இறுதியில் அன்னபாக்கியத்தின் வயிற்றில் புற்றுநோய் கண்டது. சிகிச்சைக்குச் சம்மதம் கேட்ட வைத்தியர் அதை மூன்று முறை விளக்கவேண்டியதாயிற்று.

2023 மார்ச் 17ஆம் திகதி, திருத்திய வாக்குமூலத்தை ஒப்பமிடச் சட்டத்தரணியின் அலுவலகத்துக்குப் போனார்கள். கஜானி வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். தாய் ஒவ்வொரு வரிக்கும் தலையசைத்தார். நான்காம் பக்கத்தில் நிறுத்தினார்.

“அதைத் திருப்பி வாசி.”

“‘என் மகன் எந்தக் காலத்திலும் எந்த ஆயுதக் குழுவிலும் இருந்ததில்லை.’ லோயர் எங்களுக்கு நல்லதுக்குத்தான் போட்டிருக்கிறா. அப்பிடி எழுதினா விரைவாய் முடியுமாம்.”

“வெட்டச் சொல்லு.”

“அம்மா, ஒரு வசனம்.”

“அங்க இல்லாதவன் எங்க இருந்து பிள்ளை தப்பினவன்? பத்தொன்பது நாளையும் எழுதச் சொல்லு. அப்பதான் அவன் ஒருத்தரையும் கொல்லேல்லை எண்டதும் நிக்கும்.”

சட்டத்தரணி வெட்டினார், பத்தொன்பது நாட்களையும் சேர்த்தார். அன்னபாக்கியம் ஆறு பக்கங்களிலும் கையெழுத்திட்டார். நான்கு நாட்களில் அவரை மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

கட்டிலில் இருந்தபடியே ஒரு பிற்பகலில் மகனை அழைத்து நடந்ததைச் சொன்னார். தனோஜன் கேட்டுக்கொண்டிருந்தான்.

“அம்மா, அந்தப் பத்தொன்பது நாளை எடுத்துவிடச் சொல்லுங்கோ. இன்னும் அனுப்பியிருக்கமாட்டினம்.”

“எடுக்கேலாது ராசா.”

“எனக்காக ஒருக்கா. ஒரே ஒருக்கா.”

“உனக்காகத்தான் எடுக்கேல்லை.”

அவன் இணைப்பைத் துண்டித்தான். தாய் மறுபடி அழைத்தார். மணி அடித்து ஓய்ந்தது. கஜானியின் உதவியோடு குரற்செய்தி ஒன்று விட்டார். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்: “தனோஜன், அம்மா கதைக்கிறன். நீ அங்க இருந்தனி எண்டும் எழுதியிருக்கு. நீ ஒருத்தரையும் தொடேல்லை எண்டும் எழுதியிருக்கு. ரெண்டையும் வாசிச்சுக் கேட்டுத்தான் கையெழுத்து வைச்சனான். இந்த முறை விளங்கித்தான் வைச்சனான்.” இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கை தளர்ந்து தொலைபேசி போர்வையில் விழுந்தது.

நான்கு நாட்களின் பின், ஏப்ரல் 2ஆம் திகதி, அவர் இறந்தார். தேவாலயத்துக் கடைசி வரிசைக்காரர்கள் சிலரும், முதியோர் இல்லத்து மேலாளரும், கதிர்காமநாதன் குடும்பமும், கண்மணியும் இறுதிச் சடங்குக்கு வந்திருந்தார்கள். 

செப்டெம்பரில் முடிவு வந்தது. முந்திய நேர்காணலில் ஒரு சொல் பிழையாக மொழிபெயர்க்கப்பட்டது என்பதும், தனோஜன் பலவந்தமாகக் கொண்டுசெல்லப்பட்ட சிறுவன் என்பதும், அவன் எவரையும் கொல்லவில்லை என்பதும் ஏற்றுக்கொள்ளப்பட்டன. ஆயினும் மகனை அழைத்த தாய் உயிருடன் இல்லாதபடியால் விண்ணப்பம் முடித்துவைக்கப்படுவதாகக் கடைசிப் பந்தி கூறியது.

தன் பெயரில் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று கஜானி அண்ணனிடம் சொன்னாள்.

“வேண்டாம்,” என்றான் தனோஜன். “அம்மா இருக்கிற இடத்துக்கெண்டுதான் வர நினைச்சனான்.” பிறகு, “அவ விட்ட மெசேஜ் போனில கிடக்கு. நான் இன்னும் கேக்கேல்லை,” என்றான்.

அன்னபாக்கியம் அந்தக் குரற்செய்தியை விட்டது 2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் 29ஆம் திகதி, புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு.